டைமிங் செயின்: பழுது அறிதலும் கூலி கொடுத்தலும்



மோட்டார் வண்டியில் ஏறாதவர் இன்று நம்மிடையே மிகச் சிலரே. ஆயினும் அவ்வண்டியின் முன்மூடியைத் திறந்து, உள்ளே இருப்பது இன்னது, அது செய்யும் வேலை இன்னது என்று சொல்லக்கூடியவர்களும் மிகச் சிலரே. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரையில் இந்த அறியாமையால் நமக்கு இழப்பு ஒன்றும் இல்லை. அது நின்றுவிட்ட நாளில்தான் அறியாமைக்கும் ஒரு விலை உண்டு என்பது தெரிய வருகின்றது. அந்த விலை ஒர்க்ஷாப்பின் பில்லில் எழுதப்பட்டு நம் கையில் கொடுக்கப்படுகின்றது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், எஞ்சினுக்குள் மறைந்து ஓடும் ஒரு சங்கிலியைப் பற்றியது. மெக்கானிக்குகள் அதனை டைமிங் செயின் என்பார்கள். அது தேய்ந்துவிட்டதா என்பதை எவ்வாறு அறிவது, தேய்ந்திருந்தால் அதனை மாற்றுவதற்கு எதன்பொருட்டு எவ்வளவு கொடுப்பது என்னும் இரண்டு கேள்விகளே இப்பேச்சின் எல்லை. உங்களுள் பலர் நாளை வண்டி வாங்குவீர்கள். சிலர் வண்டிகளைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொள்வீர்கள். பில் எழுதுபவரும் பில்லுக்குப் பணம் கொடுப்பவரும் இப்பொழுதே உங்களுள் இருக்கின்றார்கள். ஆதலால் இரு சாராரையும் முன்னிலைப்படுத்தியே பேசுகின்றேன்.

முதலில் அச்சங்கிலி செய்யும் வேலையைப் பார்ப்போம். எஞ்சினில் சிலிண்டர் என்னும் குழல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகின்றது. அந்த ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கீழே கிடக்கும் கிராங்க் ஷாப்ட் என்னும் தண்டு. சிலிண்டரின் தலைப்பகுதியில் வால்வுகள் என்னும் சிறு கதவுகள் உண்டு. அவற்றுள் ஒருவகை புதிய காற்றும் எரிபொருளும் உள்ளே வருவதற்கு. மற்றொருவகை எரிந்த புகை வெளியே போவதற்கு. இக்கதவுகளை உரிய நேரத்தில் திறக்கச் செய்வது கேம் ஷாப்ட் என்னும் மற்றொரு தண்டு.

1876ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஆட்டோ என்பவர் உருவாக்கிய எஞ்சினின் முறையே இன்றைய பெட்ரோல் வண்டிகளிலும் பின்பற்றப்படுகின்றது. உறிஞ்சுதல், அழுத்துதல், எரிந்து தள்ளுதல், வெளியேற்றுதல் என்று அதற்கு நான்கு வீச்சுகள். இந்நான்கும் நிறைவேறுவதற்குள் கிராங்க் ஷாப்ட் இரண்டு முறை சுற்றிவிடும். ஆனால் ஒவ்வொரு வால்வும் ஒரே முறைதான் திறக்க வேண்டும். ஆகவே கேம் ஷாப்ட் ஒரே சுற்றுச் சுற்ற வேண்டும். இவ்விரண்டு தண்டுகளையும் இந்த இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் பிணைப்பதே டைமிங் செயினின் வேலை. கேம் ஷாப்ட்டின் பல்சக்கரத்தில் கிராங்க் ஷாப்ட்டின் பல்சக்கரத்தைப் போல இரு மடங்கு பற்கள் இருக்கும். கிராங்க் ஷாப்ட் நிமிடத்திற்கு 3,000 முறை சுற்றினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்திற்கு 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை, திறந்து மூட வேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

பள்ளிக்கூடத்து மணியை நினைத்துப் பாருங்கள். ஒரு வகுப்பு மாணவர்கள் வெளியே வந்து முடிவதற்குள் அடுத்த வகுப்பினர் உள்ளே நுழைந்தால் வாயிலில் மோதல் உண்டாகும். எஞ்சினிலும் அத்தகைய மோதல் உண்டு. பெரும்பாலான இன்றைய எஞ்சின்களில் வால்வு திறக்கும்பொழுது இறங்கி வரும் இடமும், பிஸ்டன் மேலே ஏறி வரும் இடமும் ஒன்றே. ஒன்று விலகிய பின்பு மற்றொன்று வருவதால்தான் அவை மோதுவதில்லை. சங்கிலி அறுந்தாலோ, தளர்ந்து பல்சக்கரத்தின் பற்களைத் தாண்டிவிட்டாலோ அந்த முறை கெட்டுவிடும். பிஸ்டன் வால்வின்மேல் மோதும், வால்வு வளையும், சில சமயங்களில் பிஸ்டனும் உடையும். ஒரு சங்கிலியை மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய செலவு ஒரு நொடியில் எஞ்சினையே பிரிக்கும் செலவாகிவிடும். பழுதை முன்கூட்டியே அறிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இரும்புச் சங்கிலி எவ்வாறு தளர்கின்றது? செயின் நீண்டுவிட்டது என்று மெக்கானிக் சொல்லும்பொழுது, இரும்பு ரப்பரைப்போல இழுபட்டதாக நாம் எண்ணிவிடுகின்றோம். உண்மை அதுவன்று. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணியோடு இணைக்கும் சிறு ஊசிகளும், அவ்வூசிகள் திரும்பும் துளைகளும் உராய்ந்து தேய்கின்றன. ஒரு சங்கிலியில் 150 கண்ணிகள் இருப்பதாகவும், ஒவ்வோர் இணைப்பும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கே தேய்ந்ததாகவும் கொள்வோம். தனித்தனியே பார்த்தால் அத்தேய்வு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 150 தேய்வுகளும் ஒன்றுசேர்ந்தால் சங்கிலி 3 மில்லிமீட்டர் நீண்டுவிடும். சிறு பிழைகள் தனியே நிற்கும்பொழுது புலப்படாமல், கூட்டுத்தொகையில் புலப்படுதற்கு இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இன்றைய சங்கிலிகளின் முன்னோடி, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880ஆம் ஆண்டில் கண்ட உருளைச் சங்கிலி. சுவிட்சர்லாந்தில் பிறந்த அவர் உராய்வைத் தாங்கும் பரப்பை அகலமாக்கிக் கண்ணிகளின் தேய்வைக் குறைத்தார். தேய்வைக் குறைக்க முடிந்ததேயன்றி அடியோடு நீக்க முடியவில்லை. அதனால் எஞ்சினுக்குள் சங்கிலியின் தளர்ச்சியை ஈடு செய்வதற்கு டென்ஷனர் என்னும் உறுப்பு வைக்கப்படுகின்றது. சங்கிலி அலையாமல் வழிகாட்டும் பிளாஸ்டிக் பட்டைகளும் உண்டு. அவற்றுக்குக் கைடு என்று பெயர். பெரும்பாலான வண்டிகளில் டென்ஷனரை உள்ளிருந்து தள்ளுவது எஞ்சின் ஆயிலின் அழுத்தமே. சங்கிலிக்கு மசகு இடுவதும் அதே ஆயில்தான். ஆகவே ஆயில் குறைந்தாலும், மாற்ற வேண்டிய காலம் கடந்து அழுக்கேறினாலும், முதலில் துன்பப்படும் உறுப்புகளுள் இச்சங்கிலியும் ஒன்று.

சில வண்டிகளில் சங்கிலிக்குப் பதிலாகப் பல் வைத்த ரப்பர் பெல்ட் இருக்கும். 1962ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வெளிவந்த கிளாஸ் 1004 என்னும் வண்டியே பெருமளவில் செய்யப்பட்ட கார்களுள் அவ்வகைப் பெல்ட்டை முதலில் பெற்றது. பெல்ட்டை இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுக என்று வண்டியின் கையேடு கூறும். சங்கிலிக்குப் பெரும்பாலும் அத்தகைய கெடு கூறப்படுவதில்லை. இதனால் சங்கிலிக்கு அழிவே இல்லை என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். கெடு எழுதப்படவில்லை என்பதற்கு, கேட்டும் பார்த்தும் நாமே அறிந்துகொள்ள வேண்டும் என்பதே பொருள்.

இனி, பழுதை அறியும் வழிகளைக் காண்போம்.

முதல் அறிகுறி ஓசை. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் முடுக்கும்பொழுது, எஞ்சினின் ஒரு பக்கத்திலிருந்து தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கினாற்போல ஓர் ஒலி எழுந்து சில நொடிகளில் அடங்கிவிடும். நின்ற நேரத்தில் டென்ஷனரிலிருந்து ஆயில் வடிந்துவிடுகின்றது. அழுத்தம் மீண்டும் ஏறும் வரையில் தளர்ந்த சங்கிலி கைடுகளில் அடித்துக்கொள்கின்றது. எஞ்சின் சூடான பின்பும் ஒலி அடங்காவிட்டால் தேய்வு முற்றிவிட்டது என்று ஐயுற வேண்டும். இரண்டாவது அறிகுறி, எஞ்சின் சீராக ஓடாமல் தடுமாறுவதும் இழுவை குறைவதும். மூன்றாவது, முன்பலகையில் எரியும் எச்சரிக்கை விளக்கு. நான்காவது, மாற்றும்பொழுது வடிக்கின்ற ஆயிலில் காணப்படும் உலோகத் துகளும் பிளாஸ்டிக் துணுக்கும்.

இவ்வறிகுறிகளுள் எதுவும் தனியே நின்று தீர்ப்புக் கூறத்தக்கதன்று. இதனை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டுகின்றேன். வால்வுகளை இயக்கும் உறுப்புகள் தளர்ந்தாலும் ஒலி கேட்கும். தண்ணீர் பம்பின் பேரிங் தேய்ந்தாலும் கேட்கும். ஓர் ஆணி கழன்ற தகட்டு மறைப்பு அதிர்ந்தாலும் கேட்கும். ஆயில் குறைவாக இருப்பதனாலேயே நல்ல சங்கிலியும் ஒலிக்கக்கூடும். ஸ்கேனர் என்னும் கருவியை வண்டியில் பொருத்தினால் பி 0016 போன்ற ஒரு குறியெண் தோன்றலாம். கிராங்க் ஷாப்ட்டும் கேம் ஷாப்ட்டும் தம்முள் ஒத்துப்போகவில்லை என்பதே அக்குறியெண்ணின் பொருள். ஒத்துப்போகாமைக்குச் சங்கிலியின் தேய்வு காரணமாகலாம். அவற்றின் நிலையை உணர்த்தும் சென்சாரின் கோளாறோ, ஒரு கம்பியின் இணைப்போ காரணமாகலாம். குறியெண் ஐயத்தை எழுப்புகின்றதேயன்றி விடையைத் தருவதில்லை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் குறையறி சோதனை என்ற ஒன்றைக் கற்பித்தார்கள். ஒரு மாணவன் வகுத்தல் கணக்கில் நூற்றுக்கு இருபது பெறுகின்றான். அவன் கணக்கில் மட்டம் என்று சொல்வது மதிப்பெண் இடுவதாகும், குறையை அறிவதாகாது. வாய்ப்பாடு தெரியவில்லையா, கழித்தலில் தவறுகின்றானா, கேள்வியைப் படிப்பதிலேயே இடர்ப்படுகின்றானா என்று படிப்படியாகப் பிரித்துப் பார்த்து, தவறும் படி எது என்று காண்பதே குறையறி சோதனை. நல்ல மெக்கானிக் செய்வதும் அதுவே. நோயையும் நோயின் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்று வள்ளுவர் வகுத்த முறைக்கு எஞ்சினும் விலக்கன்று.

அவர் முதலில் ஆயிலின் அளவைப் பார்ப்பார். தேவையானால் அதன் அழுத்தத்தையும் அளப்பார். பின்பு ஸ்டெதாஸ்கோப்பையோ, நீண்ட திருப்புளியின் பிடியையோ காதில் வைத்து, ஒலி எந்த இடத்தில் மிகுகின்றது என்று கேட்பார். வெளியே ஓடும் பெல்ட்டைச் சிறிது நேரத்திற்குக் கழற்றி எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார். ஒலி நின்றுவிட்டால் குற்றம் உள்ளே இல்லை; அந்தப் பெல்ட் சுழற்றும் பம்பிலோ டைனமோவிலோ இருக்கின்றது. அதன் பின்பு ஸ்கேனரின் குறிப்பைப் படிப்பார். இறுதியாக வால்வு மூடியைத் திறந்து, கைடுகள் எவ்வளவு தேய்ந்துள்ளன, டென்ஷனரின் தண்டு எவ்வளவு வெளியே நீண்டுள்ளது என்று கண்ணால் காண்பார். தண்டு தன் முழு நீளத்திற்கும் நீண்டிருந்தால், ஈடு செய்யும் ஆற்றல் தீர்ந்துவிட்டது என்பது பொருள். சங்கிலி ஏற்கெனவே பற்களைத் தாண்டியிருக்கும் என்ற ஐயம் இருந்தால், சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து வால்வுகள் வளைந்துள்ளனவா என்பதையும் அறிவார்.

இவ்வாறு படிப்படியாக ஆராய்வதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்திற்குக் கூலி உண்டு. இங்கேதான் நம்மவர் பலர் தயங்குகின்றனர். ஒன்றையும் மாற்றவில்லையே, பார்த்ததற்கு எதற்குப் பணம் என்று கேட்கின்றனர். மருத்துவரிடம் நாம் அவ்வாறு கேட்பதில்லை. பார்ப்பதற்குக் கூலி கொடுக்க மறுப்பவர், பாராமலே செய்யப்படும் வேலைக்குப் பன்மடங்கு கொடுக்க நேர்கின்றது.

இதற்கு என் பழைய மாணவர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கின்றேன். அவர் எங்கள் ஊரில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். கடன் பெற்று வாங்கிய வண்டி. மாதந்தோறும் தவணை கட்ட வேண்டும். மூத்த மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டிய மாதத்தில் அவருடைய வண்டியில் காலை ஒலி தொடங்கியது. ஓர் ஒர்க்ஷாப்பில் காட்டினார். அங்கே வண்டியை முடுக்கிக் கேட்டுவிட்டு, எஞ்சின் போய்விட்டது, பழைய எஞ்சின் ஒன்று வாங்கி மாற்ற வேண்டும், 90,000 ரூபாய் ஆகும் என்று கூறினார்கள். அந்தத் தொகையில் ஒரு பகுதியைக் கடனாகக் கேட்பதற்காக அவர் என்னிடம் வந்தார்.

“தம்பி, அவர்கள் எதைத் திறந்து பார்த்தார்கள்?” என்று கேட்டேன்.

“ஒன்றையும் திறக்கவில்லை, ஐயா.”

“எதை அளந்தார்கள்?”

“ஒன்றையும் அளக்கவில்லை, ஐயா. சத்தத்தைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.”

“காரணம் என்னவென்று எழுதிக் கொடுத்தார்களா?”

அவர் பதில் கூறவில்லை. மறுநாள் அவர் வேறொரு மெக்கானிக்கிடம் சென்றார். நானும் உடன் சென்றேன். அந்த மெக்கானிக் வயதில் இளையவர். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவர். முதலில் அவர் சொன்ன சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. “பார்த்துச் சொல்வதற்கு 1,500 ரூபாய் வாங்குவேன். வேலையை என்னிடமே கொடுத்தால் அதைக் கூலியில் கழித்துக்கொள்வேன். வேறு இடத்தில் கொடுத்தாலும் நான் கண்டதை எழுதித் தருவேன்,” என்றார் அவர்.

அன்று மாலைக்குள் விடை கிடைத்தது. ஆயில் ஒரு லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. ஆயிலை நிரப்பிய பின்பும் ஒலி முழுவதும் அடங்கவில்லை. மூடியைத் திறந்தபொழுது ஒரு கைடு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. டென்ஷனரின் தண்டு முழுவதும் நீண்டிருந்தது. நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் சரியாக இருந்ததால், வால்வுகள் தப்பிவிட்டன என்பது தெளிவாயிற்று. எஞ்சின் போய்விடவில்லை, போகும் வழியில் இருந்தது. சங்கிலி, டென்ஷனர், கைடுகள், பல்சக்கரங்கள் ஆகியவற்றுக்கு 9,400 ரூபாய். கேஸ்கெட், சீல், ஆயில், பில்டர் ஆகியவற்றுக்கு 3,600 ரூபாய். கூலி 8,500 ரூபாய். வரி நீங்கலாக ஆக மொத்தம் 21,500 ரூபாய் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் வண்டி ஓடத் தொடங்கியது. பெண்ணின் கல்லூரிப் பணமும் உரிய நாளில் கட்டப்பட்டது. 1,500 ரூபாய் கொடுத்து வாங்கிய அறிவு அந்தக் குடும்பத்திற்குச் செய்த உதவி இது.

இந்தக் கணக்கைச் சற்று ஊன்றிப் பாருங்கள். கூலி ஏறத்தாழப் பொருள்களின் விலையை எட்டுகின்றது. பல வண்டிகளில் கூலி அதனையும் விஞ்சிவிடும். ஒரு சங்கிலியை மாற்றுவதற்கா இவ்வளவு என்று கேட்பவர் உண்டு. சங்கிலி இருக்கும் இடத்தை அடைவதற்கே அந்தக் கூலி. முன்புறத்துப் பெல்ட்டையும் கப்பியையும் கழற்ற வேண்டும். எஞ்சினைத் தாங்கும் உறுப்பை அகற்ற வேண்டும். மூடிகளைத் திறக்க வேண்டும். இரு தண்டுகளையும் அவற்றின் குறிகளில் நிறுத்திப் பூட்ட வேண்டும். மாற்றிய பின்பு கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் குறிகள் ஒத்துவருகின்றனவா என்று பார்த்த பிறகே எஞ்சினை முடுக்க வேண்டும். 2007ஆம் ஆண்டு முதல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் என் 47 என்னும் டீசல் எஞ்சினில் இச்சங்கிலி எஞ்சினின் பின்புறத்தில், கியர்பாக்ஸ் பக்கமாக அமைந்திருந்தது. அதனை அடைவதற்கு எஞ்சினையோ கியர்பாக்ஸையோ வண்டியிலிருந்து இறக்க வேண்டும். சங்கிலியின் விலை எவ்வளவாயினும், கூலியின் அளவு அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

இதிலிருந்து ஒரு பொருளாதார நெறி கிடைக்கின்றது. ஒருமுறை கூலி கொடுத்துத் திறந்துவிட்ட பிறகு, தேயக்கூடிய உறுப்புகள் அனைத்தையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். சங்கிலியை மட்டும் மாற்றிப் பழைய கைடையும் டென்ஷனரையும் விட்டுவைத்தால், சில நூறு ரூபாய் மிச்சமாகும். ஆனால் அவை தேய்ந்தபொழுது முழுக் கூலியையும் மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும். இதனோடு தொடர்பில்லாத உறுப்புகளையும் சேர்த்து மாற்றச் சொன்னால், அதன் தேவை என்ன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

வேலையை ஒப்படைக்கும் முன்பு கேட்க வேண்டிய கேள்விகளைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். எதைக் கண்டு இம்முடிவுக்கு வந்தீர்கள்? எந்த உறுப்புகளை மாற்றுவீர்கள்? அவை வண்டி நிறுவனத்தின் உறுப்புகளா, வேறு நிறுவனத்தவையா? கூலி எவ்வளவு? திறந்த பின்பு வேறு பழுது தெரிந்தால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மேலே செல்வீர்களா? செய்த வேலைக்கு எத்தனை மாதம் பொறுப்பு ஏற்பீர்கள்? இவற்றின் விடைகள் ஒரு தாளில் இருக்க வேண்டும். நேர்மையான மெக்கானிக் இக்கேள்விகளால் மனம் நோவதில்லை. தம் வேலையைப் புரிந்துகொள்ள ஒருவர் முயல்கின்றார் என்று மகிழவே செய்வார்.

கழற்றிய பழைய உறுப்புகளையும் கேட்டு வாங்குங்கள். பழைய சங்கிலியையும் புதிய சங்கிலியையும் ஒரே ஆணியில் அருகருகே தொங்கவிட்டால், தேய்ந்தது நீண்டு தொங்குவதைக் கண்ணால் காணலாம். கண்ணிகள் கிடையாக இருக்குமாறு பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தால், தேய்ந்தது மிகுதியாக வளையும். கொடுத்த பணத்திற்கு இதனைவிட நேரான சான்று இல்லை.

இனிச் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 170ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒருவரிடம் ஒப்படைத்த பொருளின்மேல் அவர் தம் உழைப்பையோ திறமையையோ செலவிட்டு, ஒப்பந்தப்படி வேலையை முடித்திருந்தால், உரிய கூலி கிடைக்கும் வரையில் அப்பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்று அது கூறுகின்றது. பட்டை தீட்டிய வைரத்தைக் கூலி பெறும் வரையில் நகைத் தொழிலாளி வைத்துக்கொள்ளலாம் என்பது அச்சட்டமே தரும் எடுத்துக்காட்டு. மூன்று மாதம் தவணை தருவதாகத் தையற்காரர் ஒப்புக்கொண்டிருந்தால், அவர் சட்டையைக் கூலிக்காக நிறுத்திவைக்க முடியாது என்பதும் அதிலேயே உள்ள மற்றோர் எடுத்துக்காட்டு. பணம் கொடுத்தால்தான் வண்டியை விடுவேன் என்று மெக்கானிக் சொல்வது அடாவடி என்று நாம் நினைக்கலாகாது. அது உழைப்பவனுக்குச் சட்டம் அளித்த காவல். ஆனால் பேசிய வேலைக்கே அந்தக் காவல். ஆகவேதான், பேசியது இன்னது என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்கின்றேன்.

பணம் கொடுப்பவருக்கும் காவல் உண்டு. 1986ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்தது. கூலி பெற்றுக்கொண்டு செய்த பணியில் குறைபாடு இருந்தால், அச்சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். முறையீட்டுக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அதனைச் செய்ய வேண்டும். அங்கே முதலில் கேட்கப்படுவது ரசீதே. வண்டிக் காப்பீடு இதற்கு உதவும் என்று எண்ணியிருக்க வேண்டாம். வழக்கமான காப்பீட்டுப் பத்திரங்கள் இயல்பான தேய்வையும் இயந்திரக் கோளாற்றையும் விலக்கியே எழுதப்படுகின்றன.

காகிதத்தின் பெருமைக்கு வெளிநாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகள் சிலவற்றின் டைமிங் செயின் அமைப்பைக் குறித்து அமெரிக்காவில், நியூஜெர்சியிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2018ஆம் ஆண்டில் அது ஓர் உடன்பாட்டில் முடிந்தது. அதற்கு முன்பே தம் கைப்பணத்தைச் செலவிட்டுப் பழுதுபார்த்தவர்கள், உரிய சான்றுகளைக் காட்டி அத்தொகையைக் கேட்டுப் பெறுவதற்கு அதில் வழி செய்யப்பட்டது. ஆயில் மாற்றிய ரசீதையும் பழுதுபார்த்த ரசீதையும் பேணி வைத்தவருக்கே அவ்வழி எளிதாக இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

சங்கிலி ஏற்கெனவே தாண்டி, வால்வுகளும் வளைந்துவிட்டால் என் செய்வது? அப்பொழுது எஞ்சினின் தலையைக் கழற்றி வால்வுகளை மாற்ற வேண்டும். செலவு பல மடங்காகும். அந்நிலையில் வண்டியின் இன்றைய விலை என்ன, பழுதுபார்த்தபின் அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்று எடைபோட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். பழைய வண்டியின்மேல் கொண்ட பாசம் கணக்கிற்குள் வரலாகாது. ஒலி கேட்ட நாளிலேயே ஆராய்ந்தவருக்கு இந்தக் கணக்குப் போடும் துன்பம் பெரும்பாலும் நேர்வதில்லை. உரத்த ஒலியோடு எஞ்சின் தடுமாறவும் தொடங்கினால், ஒர்க்ஷாப் வரையில் ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று துணிய வேண்டாம். வேறு வண்டியில் கட்டி இழுத்துச் செல்வதற்கு ஆகும் செலவு சிறிது. ஓட்டிச் செல்வதால் நேரக்கூடிய சேதம் பெரிது.

மாணவர்களே, உங்களுள் மெக்கானிக்காகப் போகின்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கையிலுள்ள ஸ்பேனரைப் போலவே உங்கள் சொல்லும் ஒரு கருவி. கண்டதைக் கண்டதாகவும், ஐயத்தை ஐயமாகவும் கூறுங்கள். உங்கள் அறிவுக்குரிய கூலியைக் கூசாமல் கேளுங்கள். ஆராயாமல் ஒரு குடும்பத்தின்மேல் 90,000 ரூபாய்ச் சுமையை ஏற்றாதீர்கள். வண்டி வைத்திருக்கப் போகின்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆயிலை உரிய காலத்தில் மாற்றுங்கள். காலையில் எஞ்சினை முடுக்கும்பொழுது வானொலியைச் சில நொடி நிறுத்திவிட்டு அதன் ஒலியைக் கேளுங்கள். வானொலியில் பேசும் நானே இதைச் சொல்வது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அந்தச் சில நொடிகளை எஞ்சினுக்குத் தருவதில் எனக்கு வருத்தம் இல்லை. அது கூறுவது விளங்காவிட்டால் விளங்கியவரிடம் செல்லுங்கள். அவர் ஆராய்வதற்குரிய கூலியை முகம் கோணாமல் கொடுங்கள். வேலையைப் பேசி எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். அது முடிந்த அன்றே பணத்தைக் கொடுத்து ரசீது பெறுங்கள்.